பழி சுமந்த குடல்

கரு உருவான நான்காவது வாரத்தில் அதற்குள் ஒரு நெடும்பயணம் தொடங்குகிறது. பின்னால் கழுத்தாக மாறப்போகும் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் அணுக்கள் கிளம்பி, உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் நுழைந்து, குடல் சுவர் வழியாகவே கீழ்நோக்கி ஊர்ந்து போகின்றன. போகிற வழியெல்லாம் பெருகுகின்றன. சில அங்கங்கே தங்கி நரம்பணுக்களாகின்றன, மற்றவை மேலும் முன்னேறுகின்றன. அவை போகப் போகக் குடலும் நீண்டுகொண்டே இருக்கிறது. ஏழாவது வார வாக்கில் முன்னணி அணுக்கள் குடலின் கடைக்கோடியை எட்டிவிடும். நம் குடலில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருப்பதும், மூளையைக் கேட்காமலே அது தன் வேலையைப் பார்ப்பதும் இந்தப் பயணத்தால்தான்.

சுமார் 5000 பிறப்புகளில் ஒன்றில் இந்தப் பயணம் பாதியில் நின்றுபோகிறது. மேலிருந்து கீழே வருகிற பயணம் என்பதால், விடுபட்டுப்போவது எப்போதும் கடைசிப் பகுதிதான். பெரும்பாலும் மலக்குடலும் அதற்குச் சற்று மேலே உள்ள பெருங்குடலும். ஆண் குழந்தைகளில் இது ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம்.

நரம்பு இல்லாத குடல் தளர்ந்து, தொய்ந்து கிடக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. குடல் தசைக்கு 'இறுகு' என்ற கட்டளையைவிட 'தளர்' என்ற கட்டளைதான் முக்கியம். அதைக் கொடுக்கும் அணுக்கள் இல்லாததால் அந்தப் பகுதி இறுகியே கிடக்கிறது. மேலிருந்து வருவது அங்கே வந்து நிற்கிறது. ஆரோக்கியமான மேற்பகுதி அதைத் தள்ளித் தள்ளி, தசை தடித்து, பிறகு விரிந்து பெருத்துவிடுகிறது.

1886-இல் பெர்லினில் கூடிய மருத்துவர்கள் முன்னால், கோபன்ஹேகனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் இப்படி இறந்துபோன இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அவர் கண்ணில் பட்டது பெருத்த பெருங்குடல். அதுதான் நோய் என்று அவர் நினைத்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். பெருத்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். நோய் திரும்பி வந்தது. கீழே ஒடுங்கிக் கிடந்த பகுதி பார்வைக்கு இயல்பாகத் தெரிந்ததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அங்கே நரம்பணுக்கள் இல்லை என்று 1901-லேயே ஒரு கட்டுரை வந்தும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்வர் ஸ்வென்சன். இத்தகைய குழந்தைகளுக்கு வயிற்றில் மாற்றுவழி திறந்து மலத்தை வெளியேற்றினால், அவர்கள் தேறி, எடை கூடினார்கள். அந்த வழியை மூடியதும் பழைய நிலைக்கே திரும்பினார்கள். அப்படியானால் மேலே உள்ள பெருத்த குடல் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அதற்கும் கீழே. ஒடுங்கிய பகுதியை அகற்றிவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவையை அவர் 1948-இல் வெளியிட்டார். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய தர்க்கம் இவ்வளவு பேரைக் காப்பாற்றியது அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

பிறந்த குழந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பான முதல் மலத்தைக் கழிக்கவில்லை என்றால் இன்று மருத்துவர்கள் உஷாராகிவிடுகிறார்கள். ஆனால் நரம்பில்லாத பகுதி மிகக் குட்டையாக இருந்தால், மேலே உள்ள குடல் ஈடுகொடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில், சிலருக்கு முப்பது நாற்பது வயது வரை. பேதி மாத்திரை, விளக்கெண்ணெய், எனிமா என்று காலம் ஓடும். வெளியில் சொல்லக் கூச்சம். சொன்னாலும் "தண்ணீர் நிறையக் குடிங்க, கீரை சாப்பிடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் வயிறு உப்பி, தாங்க முடியாத வலி வந்து, விரிந்த குடல் முறுக்கிக்கொண்டு அவசரப் பிரிவில் கிடத்தும்போதுதான் சிலருக்கு உண்மை தெரிகிறது.

மலச்சிக்கல் உள்ள பெரியவர்களில் மிக மிகச் சிலருக்கே இந்த நோய். ஆனால் அந்தச் சிலரை அடையாளம் காட்டும் கேள்வி ஒன்று உண்டு: எப்போதிலிருந்து? இருபது வயதில் தொடங்கியது என்றால் வேறு காரணம் தேடலாம். கைக்குழந்தையாக இருந்தபோதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், மேற்கொண்டு சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பேரியம் எனிமா கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயில், ஒடுங்கிய குடல் சட்டென்று விரியும் இடம் தெரியலாம். அந்தப் பகுதி மிகக் குட்டையாக இருந்தால் அதுவும் தெரியாது. அடுத்தது பலூன் சோதனை. மெல்லிய குழாயின் நுனியில் உள்ள பலூனை மலக்குடலுக்குள் வைத்துக் காற்றை ஏற்றுவார்கள். மலம் வந்துவிட்டது என்று எண்ணி, ஆசனவாயின் உள் தசை தானாகத் தளர வேண்டும், திரையில் அழுத்தக் கோடு இறங்க வேண்டும். இந்த நோயாளிகளுக்குக் கோடு இறங்குவதில்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெகுவாக விரிந்த மலக்குடலில் சின்ன பலூன் சுவரைத் தொடவே தொடாது. நோய் இல்லாதவருக்கும் கோடு அசையாமல் நின்று ஏமாற்றிவிடும்.

ஆகவே கடைசித் தீர்ப்பு திசுச் சோதனையில்தான். பெரியவர்களுக்கு மேலோட்டமாகக் கிள்ளி எடுக்கும் திசு பெரும்பாலும் போதாது, சுவரின் முழு ஆழத்துக்கும் எடுக்க வேண்டியிருக்கும். ஆசனவாயை ஒட்டி எடுக்கவும் கூடாது, அங்கே எல்லோருக்குமே நரம்பணுக்கள் குறைவு. மற்ற நோய்களில் இருப்பதைத் தேடுகிறார்கள். இங்கே நோய்க்கூறு மருத்துவர் தேடுவது ஓர் இன்மையை. ஒரு சீவலில் காணவில்லை என்பது சான்றாகாது. சீவலுக்கு மேல் சீவலாகப் பார்த்து, கால்ரெட்டினின் என்ற புரதத்துக்கான சாயமும் பிடிக்கவில்லை என்று கண்ட பிறகே 'இல்லை' என்று எழுதுகிறார்.

சிகிச்சை இன்றும் அறுவைதான், அடிப்படை ஸ்வென்சன் காட்டிய வழியே. அறுவை நடக்கும்போதே குடலிலிருந்து சிறு துண்டுகளை உறையவைத்து ஆய்வகத்தில் பார்ப்பார்கள். நரம்பணுக்கள் இருக்கின்றன என்று தகவல் வந்த இடத்துக்கு மேல்தான் வெட்டி இணைப்பார்கள். பெரியவர்களிடம் ஒரு கூடுதல் தொல்லை, பல ஆண்டுகளாக விரிந்த குடலைச் சிறிய ஆசனவாயோடு பொருத்துவது. அதனால் சிலருக்கு முதலில் வயிற்றில் மாற்றுவழி வைத்து, குடல் சுருங்கக் காத்திருந்து, பிறகு இணைக்கிறார்கள். பழைய மலக்குடலின் ஒரு பகுதியை விட்டுவைத்து, நல்ல குடலை அதன் பின்பக்கமாக இணைக்கும் டுஹாமெல் முறையும் இவர்களுக்குக் கைகொடுக்கிறது. தொடக்க மாதங்களில் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், சிலருக்குக் கசிவும் இருக்கும். பிறகு பெரும்பாலானோர், வாழ்நாளில் முதன்முறையாக, மருந்தின் துணையில்லாமல் மலம் கழிக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் மரபணுச் சோதனையும் சிலருக்குத் தேவைப்படலாம். அந்த அணுக்களின் பயணத்தை நடத்தும் முக்கிய மரபணு ரெட். அதில் ஏற்படும் சில குறிப்பிட்ட மாற்றங்கள் இந்த நோயோடு ஒருவகைத் தைராய்டு புற்றுநோய்க்கும் வழி திறக்கின்றன. அத்தகைய மாற்றம் தெரியவந்தால், நோயாளியோடு அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதிக்கிறார்கள்.