ஒல்லையூர் முல்லையும் சீனத்து வசந்தமும்

நாட்டிற்குப் பேரிடர் நேருங்கால் கவிஞர் கடமை யாது? மக்களைத் தட்டியெழுப்பும் வீரப்பாட்டே பாட்டு, புலம்பல் கோழையின் தொழில் என்பர் நம் நண்பருள் ஒரு சாரார். பழம்புலவர் இருவரைச் சான்றாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

1948 வரை தனிச் சமஸ்தானமாய் விளங்கி, இன்று மாவட்டமாய் இருக்கும் புதுக்கோட்டையில் ஒலியமங்கலம் என்றோர் ஊர் உண்டு. பண்டை ஒல்லையூர் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபொழுது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலை, புறநானூற்றில் 242-ஆம் பாட்டாக நிற்கின்றது. மாண்டவன் வீரத்தைப் புலவர் மிகச் சுருங்கச் சொல்லிவிடுகின்றார். அவர் பேசுவது முல்லைக் கொடியோடு. இளைஞர் அப்பூவைச் சூடார், மகளிர் பறியார், பாணனும் பாடினியும் தொடார். பின் எவருக்காக மலர்ந்தாய் என்பதே அவர் வினா. ஒருவன் சாவினால் ஊர் முழுவதும் இழந்தது இன்னதென்பதை ஒரு பூ உணர்த்திவிடுகின்றது.

இனிச் சீனத்தை நோக்குவோம். கி.பி. 755-ல் ஆன் லூஷான் என்னும் தளபதி தாங் பேரரசை எதிர்த்துக் கலகக் கொடி உயர்த்தினான். மறு ஆண்டில் தலைநகராகிய சாங்கான் வீழ்ந்தது. மகாகவி தூ ஃபூ கலகக்காரர் கையிற் சிக்கி அந்நகரில் இருந்தார். 757-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் எட்டே அடியில் ஒரு பாட்டு இயற்றினார். அரசு சிதைந்தும் மலையும் ஆறும் மாறவில்லை. மலரைக் கண்டாலும் கண்ணீர் பெருகுகின்றது. வீட்டிலிருந்து வரும் ஒரு கடிதம் பெருநிதியினும் அரிதாகின்றது. கீரத்தனார் ஒருவனை இழந்து வருந்தினார். தூ ஃபூ ஒரு நாட்டை எண்ணி வருந்தினார். எனினும், மனிதர் துயரை அறியாது மலரும் பூவே இருவர் நெஞ்சையும் சுடுகின்றது.

இவ்வளவில் நின்றிருப்பின் தூ ஃபூவைத் துயரக் கவி என்று மட்டும் சொல்லி அமைவோம். அவர் மேலும் ஒரு படி சென்றார். அவர் தாங் அரசின் அதிகாரி. கலகம் அடங்கவேண்டும் என்று மனமார விரும்பியவர். ஆயினும் 759-ல் தம் அரசு படைக்கு ஆள் பிடித்த கொடுமையை அவர் மறைக்கவில்லை. இரவில் ஒரு சிற்றூருக்குள் அதிகாரி நுழைகின்றான். கிழவர் சுவரேறித் தப்புகின்றார். மூன்று மைந்தரைப் போருக்கு அனுப்பி இருவரைப் பறிகொடுத்த கிழவி, படைக்குச் சோறு சமைக்கத் தானே புறப்படுகின்றாள். விடியலில் கவி விடைபெறுவது கிழவரிடம் மட்டுமே. அதிகாரியைப் பழித்து ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. கண்டதைக் கண்டவாறு கூறியதே போதுமானதாயிற்று.

பகைவன் கொடுமையைப் பாடுதல் எளிது. தம் பக்கத்தின் வெற்றிக்கு ஏழை கொடுக்கும் விலையைப் பாடுவதற்கே நெஞ்சுரம் வேண்டும். அத்தகைய பாட்டைக் கோழையின் புலம்பல் என்று தள்ளுவது பெரும்பிழை. மேடைக்கு வீரமுழக்கம் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், தன் இழப்பைக் கணக்கிட அஞ்சும் இயக்கம் தன் மக்களையே மறந்துவிடும். அக்கணக்கை நேர்மையோடு எழுதும் கவிஞனை நம் அன்பர்கள் துரோகி என்று தூற்றாதிருப்பார்களாக.