உப்புக் காற்றும் கைக்கடிகாரமும்

நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் கிடக்கிறதா? அத்தா கட்டியிருந்தது என்பதால் எறியவும் மனம் வராது. பழுது பார்ப்பவரைத் தேடவும் நேரம் வாய்க்காது. அதை நாமே பிரித்துப் பார்த்தால் என்ன என்று வீட்டில் ஒரு பிள்ளைக்காவது தோன்றும். நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கடிகாரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். பழைய கடிகாரம் விற்பவரிடம், ஓடாத எச்.எம்.டி. ஜனதா ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள்.

சிட்டிசன் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. 2016-இல் அந்நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. எனினும் ஜனதா கடிகாரங்கள் ஏராளமாக விற்றவை. ஒன்று பாழானாலும் அதன் உறுப்புகள் மற்றொன்றுக்கு உதவும்.

கண்ணில் பொருத்தும் லென்ஸ், நுனி கூரிய சாமணம், மெல்லிய திருப்புளிகள், வெள்ளைத் துணி விரித்த மேசை. தொடங்க இவை போதும். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

தொடக்கக்காரர்கள் பலர் தவறுவது ஓரிடத்தில்தான். சாவி கொடுத்த மெயின் ஸ்பிரிங் முறுக்கோடு இருக்கும்போதே உள்ளுறுப்புகளைக் கழற்றினால், பற்சக்கரங்கள் கட்டின்றிச் சுழன்று பல்லோ அச்சோ ஒடியும். ஆகவே சாவிக் குமிழை விரலால் பிடித்துக்கொண்டு, முறுக்கைத் தடுத்து நிறுத்தும் சிறு கொக்கியை ஊசியால் விலக்கி, குமிழ் மெல்லப் பின்னோக்கிச் சுழல விடுங்கள். பிறகே பாலன்ஸைத் தொடலாம். (16-ஆம் நூற்றாண்டிலேயே இஸ்தான்புல்லின் வானியல் அறிஞர் தகிய்யுத்தீன் இயந்திரக் கடிகாரங்களைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார்.)

இருபுறமும் ஆடும் சிறு கவையின் கற்கள் அரக்கினால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். கடைக்காரர்கள் பெட்ரோலில் கழுவுவார்கள். அதை அடுப்பங்கரைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். தேங்காயெண்ணெயும் தையல் எந்திர எண்ணெயும் வேண்டாம். கடிகார எண்ணெயே ஊசிமுனை அளவு போதும்.

பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கரையோர வாசகர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் வியர்வையும் குமிழின் வழியே உள்ளே புகுந்தால், முதலில் துருப்பிடிப்பது அந்த எஃகுத் தண்டுதான். பித்தளைச் சக்கரங்கள் அவ்வளவு எளிதில் கெடா. திருகாணிகளும் எஃகு அச்சுகளும் கெட்டுவிடும். எனவே பிரித்த கடிகாரத்தை இரவில் திறந்தபடி மேசையில் விடாதீர்கள். மூடி இறுகிய சிறு டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு வைத்து விடுங்கள். கழற்றிய திருகாணி துருவேறி இருந்தால் அழுத்தித் திருகாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுநாள் வரை காத்திருங்கள்.

ஜனதாவை இரண்டு மூன்று முறை பிரித்துச் சேர்த்து, அது ஒரு நாள் முழுவதும் நிற்காமல் ஓடட்டும். அதன் பிறகு அலமாரியைத் திறக்கலாம்.