மகனின் ‘நண்பன்’ அழக் கூடாதா? லண்டனில் ஒரு அம்மா, ஒரு காதலன், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

லண்டனில் ஒரு முதியோர் இல்லம். பழைய காலத்து வால்பேப்பர் ஒட்டிய சின்ன அறை. பின்னணியில் ஒரு பழைய சீனப் பாட்டு. அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘இந்த இடம் எனக்குப் பிடிக்கலை’ என்பதுதான் அம்மாவின் பேச்சு மொத்தமும். ‘கொஞ்ச நாளைக்குத்தாம்மா’ என்கிற தோரணையில் சமாதானம் சொல்கிறான் மகன். கொஞ்சம் கோபம், கொஞ்சம் கொஞ்சல். அந்த நேரம் இல்லத்தின் பணியாளர் ஒருவர் உள்ளே வருகிறார். கேமரா மறுபடி அம்மாவிடம் வரும்போது மகன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கிறது.

அவன் ஏற்கெனவே இறந்துவிட்டான். இத்தனை நேரம் நாம் பார்த்தது அம்மாவின் மனதுக்குள் ஓடிய காட்சி.

‘லில்ட்டிங்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஹாங் காவ் எழுதி இயக்கிய இந்தப் பிரிட்டிஷ் படம், 2014 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நீளம் சுமார் ஒன்றரை மணி நேரம். இரண்டு ஆண்களின் காதலைப் பற்றிய படம் என்றாலும், அந்த இருவரில் ஒருவன் படம் தொடங்கும் முன்பே போய்விட்டான். மிச்சம் இருப்பவை அவனுடைய காதலனும், அவனுடைய அம்மாவும், இருவருக்கும் இடையில் ஒரு பொய்யும்தான்.

என்ன கதை?

அம்மாவின் பெயர் ஜுன். கம்போடியாவிலிருந்து வந்த சீன வம்சாவளிப் பெண். பல மொழிகள் தெரியும், ஆங்கிலம் மட்டும் வராது. லண்டனில் அவருக்கு வாய் என்றாலும் காது என்றாலும் மகன் காய்தான். காயின் காதலன் ரிச்சர்ட், ஆங்கிலேயன். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அம்மாவிடம் காய் சொல்லியிருந்தது, ‘ரிச்சர்ட் என் நண்பன்’ என்று மட்டும்.

இந்த ஒரு சொல்தான் மொத்தச் சிக்கலும். ஜுன்னின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, மகன் ஒரு ‘நண்பனோடு’ ஒரே வீட்டில் இருக்கிறான். அப்படியானால் அந்த நண்பன்தான் குறுக்கே நிற்கிறான் என்று எந்த அம்மாவும் நினைப்பார். ஜுன்னின் கணக்கில் தப்பே இல்லை. அவரிடம் ஒரே ஒரு தகவல் குறைவு, அவ்வளவுதான்.

அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்றால் காய் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தைரியம் வரும்வரை அம்மா இல்லத்தில் இருக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் சொல்லிவிடலாம் என்று அவன் தயாரான நேரத்தில்தான் மரணம் முந்திக்கொள்கிறது.

மீதிப் படம் ரிச்சர்ட் அந்த இல்லத்தின் கதவைத் தட்டுவதிலிருந்து நகர்கிறது. தன் காதலனின் அம்மாவைத் தனியாக விட அவனுக்கு மனமில்லை. ஆனால் எந்த உறவைச் சொல்லிக்கொண்டு போவது? இறந்தவனின் நண்பன் எதற்கு அடிக்கடி வருகிறான் என்று அந்த அம்மா கேட்டால் என்ன பதில்?

மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

ரிச்சர்ட் ஒரு சாக்கு கண்டுபிடிக்கிறான். இல்லத்தில் ஆலன் என்றொரு ஆங்கிலேய முதியவர் ஜுன்னின் மேல் ஆசையாக இருக்கிறார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. கையைப் பிடிப்பதும் சிரிப்பதும்தான் உரையாடல். ‘இவர்கள் பேசிக்கொள்ள உதவுகிறேன்’ என்று வான் என்ற இளம்பெண்ணைக் காசு கொடுத்து மொழிபெயர்க்க அழைத்து வருகிறான். உண்மையில் அவனுக்கு ஜுன்னிடம் பேச ஒரு வழி வேண்டும்.

படத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சாதாரணமாக ஒரு படத்தில் மொழிபெயர்ப்பு வந்தால் இயக்குநர்கள் அதை வெட்டிச் சுருக்கிவிடுவார்கள். ஹாங் காவ் வெட்டுவதில்லை. ரிச்சர்ட் ஆங்கிலத்தில் சொல்கிறான், வான் சீன மொழியில் சொல்கிறாள், ஜுன் யோசிக்கிறார், பதில் சொல்கிறார், அது திரும்ப ஆங்கிலத்துக்கு வருகிறது. இந்த நான்கு படிகளும் நம் கண் முன்னாலேயே நடக்கின்றன. சப்டைட்டில் இருப்பதால் ஜுன் சொன்னது ரிச்சர்டுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அடி விழப்போகிறது என்று தெரிந்தே, அது விழும் வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கோபத்தில் ரிச்சர்ட் ஏதோ சொல்லிவிட்டு, உடனே ‘அதை மொழிபெயர்க்காதே’ என்று வானைத் தடுக்கும் இடங்கள் உண்டு. சிரிப்பு வரும். ஆனால் இதைத்தானே காய் ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருந்தான்? தன் வாழ்க்கையின் ஒரு பாதியை அம்மாவுக்கு மொழிபெயர்க்காமலே விட்டிருந்தான். வானுக்கு இது தொழில் இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. நடுநிலையாக இருக்க வேண்டியவள் சில இடங்களில் தானாகவே பேச்சில் நுழைந்துவிடுகிறாள்.

இதில் ஒரு வேடிக்கை. மொழி இல்லாதவரை ஜுன்னும் ஆலனும் நன்றாகத்தான் இருந்தார்கள். வான் வந்து ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியத் தொடங்கியதும் சின்னச் சின்னக் குறைகள் வெளியே வருகின்றன, பிணக்கு வருகிறது. வயதானவர்கள் காதல் வார்த்தையால் கெடுகிறது. ரிச்சர்ட், ஜுன் இருவருக்கும் இடையில் இருக்கும் பகையோ வார்த்தையில்லாமல் தீரப்போவதில்லை. ஒரே மொழிபெயர்ப்பாளர், இரண்டு நேரெதிர் விளைவுகள்.

சட்டம் அனுமதித்த பிறகும் ஏன் மறைக்க வேண்டும்?

இந்தப் படத்தைப் பார்க்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. பிரிட்டனில் தன்பாலின இணையர்கள் தங்கள் உறவைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ளும் முறை 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்பாலினத் திருமணங்கள் 2014 மார்ச் 29 முதல் நடக்கத் தொடங்கின, அதாவது ‘லில்ட்டிங்’ சன்டான்ஸில் திரையிடப்பட்ட இரண்டே மாதத்தில். காயும் ரிச்சர்டும் வாழ்ந்த லண்டனில் அவர்களை யாரும் கைது செய்யப்போவதில்லை, வேலையைவிட்டு நீக்கப்போவதும் இல்லை.

ஆனால் காயின் வீட்டுக்குள் அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. ஜுன் வாழ்வது லண்டனுக்குள் இருக்கும் வேறொரு நாட்டில். அங்கே அவருக்கு மகன் மட்டும்தான் குடிமகன். அந்த ஒரே ஆளை இழந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அந்த ஒரே ஆளாகத் தான் இருக்கும்போது எதையும் சொல்லி அம்மாவை உடைத்துவிடக் கூடாது என்ற பயம் அவனுக்கு. படத்தில் வில்லன் யாரும் இல்லை. இதுதான் பார்க்கிறவரைக் கொஞ்சம் அதிகமாகவே படுத்துகிறது.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் வெளியிட்ட நூலில் ஒருவகைத் துயரத்துக்குப் பெயர் வைத்தார். சமூகம் அங்கீகரிக்காத துயரம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இறந்தவரோடு உங்களுக்கு இருந்த உறவை வெளியே சொல்ல முடியாது என்றால், ‘பாவம், இவருக்கு என்ன ஆச்சு’ என்று கேட்க ஆள் இருக்காது. அலுவலகத்தில் விடுப்பு கேட்க முடியாது. சடங்கில் முன் வரிசையில் நிற்க முடியாது. ரகசியக் காதலர்கள், விவாகரத்தான முன்னாள் துணைவர்கள், தன்பாலின இணையர்கள் எனப் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள்.

டோகா எழுதிய காலகட்டத்தில் இது வெறும் கருத்து அல்ல. எய்ட்ஸ் நோயால் இளைஞர்கள் கொத்துக்கொத்தாக இறந்த ஆண்டுகள் அவை. மருத்துவமனையில் கடைசிவரை பக்கத்தில் இருந்த காதலனை இறுதிச் சடங்கில் குடும்பம் சேர்க்காமல் போன கதைகள் அமெரிக்காவில் ஏராளம். அந்தத் துக்கத்தில் உருவானதுதான் எய்ட்ஸ் நினைவுக் கம்பளம். இறந்த ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவில் ஒரு துணித் துண்டு. அவர்களை நேசித்தவர்கள் கையால் தைத்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மால் மைதானத்தில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன.

சினிமாவிலும் இந்தத் துக்கம் புதிதில்லை. டாம் ஃபோர்டின் ‘எ சிங்கிள் மேன்’ (2009) படத்தில், 1962-ல் வாழும் பேராசிரியர் ஜார்ஜுக்குத் தன் துணைவன் விபத்தில் இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது. இறுதிச் சடங்கு குடும்பத்தினருக்கு மட்டும் என்று அதே அழைப்பில் சொல்லிவிடுகிறார்கள். ‘சரி, நன்றி’ என்ற மாதிரி மரியாதையாகப் பேசி முடித்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் விதம் பார்த்தவர்களுக்கு மறக்காது. அந்தக் கதையில் கதவைச் சாத்தியது காலமும் சமூகமும். ‘லில்ட்டிங்’கில் கதவைச் சாத்தியவன் இறந்துபோன காதலனேதான், அதுவும் அன்பினால். ரிச்சர்டுக்கு அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

எடுத்தவர் யார்?

ஹாங் காவ் கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் பிறந்தவர். கெமர் ரூஜ் ஆட்சிக்குத் தப்பி அவர் குடும்பம் வியட்நாமுக்குப் போனது. பிறகு சிறுவனாக பிரிட்டன் வந்து சேர்ந்தார். பல பத்தாண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்தும் தன் அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளி உலகத்தோடு அம்மாவை இணைக்கும் அந்த ஒரு ஆள் இல்லாமல் போனால் என்னவாகும் என்ற கேள்விதான் படத்தின் விதை.

குறைந்த செலவில் முதல் படம் எடுப்பவர்களுக்கு உதவும் ‘ஃபிலிம் லண்டன்’ அமைப்பின் ‘மைக்ரோவேவ்’ திட்டத்தில் உருவானது ‘லில்ட்டிங்’. பட்ஜெட் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுகள். அதனால்தான் பெரும்பாலும் நான்கு சுவருக்குள்ளேயே நடக்கிறது. பணம் இல்லாதது படத்துக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஒளிப்பதிவாளர் ஊலா பொன்டிகோஸ் ஓர் அறைக்குள்ளேயே கேமராவை நகர்த்தி நிகழ்காலத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுபோய்விடுகிறார். ‘சில மாதங்களுக்கு முன்பு’ என்று எழுத்து போட்டுச் சொல்வதெல்லாம் இல்லை. சன்டான்ஸில் உலக சினிமா பிரிவின் ஒளிப்பதிவு விருது அவருக்குக் கிடைத்தது.

ஜுன்னாக நடித்தவர் செங் பெய்-பெய். 1966-ல் ‘கம் ட்ரிங்க் வித் மீ’ படத்தில் வாள் சுழற்றிய ஹாங்காங் ஆக்‌ஷன் நாயகி, ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தின் வில்லி. இதில் அவருக்கு ஒரு சண்டைக் காட்சியும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, ரிச்சர்டை ஏறிட்டுப் பார்க்காமலேயே அவனைத் தள்ளி வைக்கிறார். 2024 ஜூலையில் அவர் காலமானார். ரிச்சர்டாக பென் விஷா. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ‘க்யூ’வாக வந்தவர், ‘பேடிங்டன்’ கரடியின் குரல். அழுகை தொண்டை வரை வந்து நிற்கும்போதும் மரியாதையாகப் பேச முயலும் ஒருவனை அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. வான் பாத்திரத்துக்கு அவளுக்கென்று ஒரு வாழ்க்கை கிடையாது. இவர்களுக்காகவே வந்து போகிறாள். ஆலன் பகுதியில் வரும் நகைச்சுவை சில இடங்களில் டிவி தொடர் போலத் தோன்றும். இரவு பதினொரு மணிக்கு போனில் பாதி கவனத்தோடு பார்த்தால், ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்று தோன்ற வாய்ப்பு அதிகம். உரையாடல்களுக்கு இடையில் வரும் மௌனத்தில்தான் பாதிப் படம் இருக்கிறது.

இயக்குநர் இந்தச் சங்கதியை அதோடு விட்டுவிடவில்லை. அகதியாகப் பிரிந்த வியட்நாமுக்குப் பெற்றோரின் அஸ்தியோடு திரும்பும் மகனைப் பற்றி ‘மான்சூன்’ (2019) எடுத்தார். 2024-ல் அவர் இயக்கிய பிபிசி தொடர் ‘மிஸ்டர் லவர்மேன்’, கரீபியத் தீவிலிருந்து லண்டன் வந்த ஒரு தாத்தாவின் கதை. மனைவி, பிள்ளைகள், பேரன் எல்லாம் உண்டு. பல பத்தாண்டுகளாக அவர் ரகசியமாகக் காதலிப்பது தன் உயிர் நண்பனை. மறுபடியும் அதே ‘நண்பன்’தான்.

கடைசியில் உண்மை வெளிவருகிறதா?

வருகிறது. எப்படி என்பதைப் படத்தில் பார்ப்பதே சரி. அம்மாவுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள், படம் அதை நேராகச் சொல்வதில்லை.

‘லில்ட்டிங்’ என்றால் ஏறி இறங்கும் குரலின் மெல்லிய லயம். ஒருவர் பேசும் மொழி புரியாதபோதும் காதில் விழுவது அதுதான். கடைசிப் பகுதியில் ஜுன் மகனைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறார். அதுவரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் புகுந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வான், ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறாள். ஜுன் அவர் மொழியில் பேசிக்கொண்டே போகிறார். ரிச்சர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறான்.