உங்களுக்குத் தெரியுமா? தேக்காவில் தலை மறையும்!

உங்கள் ஒவ்வொரு கண்ணிலும் பார்வை இல்லாத ஓர் இடம் உண்டு. சிராங்கூன் சாலையில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் தலையே அதற்குள் அடங்கிவிடும்!

• சோதித்துப் பாருங்கள்: கைகளை நீட்டி இரு கட்டைவிரல்களையும் ஒட்டி நிறுத்துங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது விரலை மட்டும் பாருங்கள். வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் போவதற்குள் நகம் காணாமல் போகும். பார்வை அலைந்தால் வித்தை பலிக்காது. எம்ஆர்டியில் செய்தால் பக்கத்தில் இருப்பவர் முறைக்கலாம்.

• பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடம்தான் இந்தப் பார்வையற்ற இடம். ஒளியை உணரும் செல்கள் அங்கே இல்லை.

• ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்ளும். ஒரு கண்ணை மூடினாலும், சுற்றியிருக்கும் நிறத்தை வைத்து மூளை ஒட்டுப்போட்டுவிடும். இந்த ஒட்டுவேலையை ஆராய்ந்தவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன்.

• தேக்கா ஈரச்சந்தையில் விற்கும் சோத்தோங்கின் (கணவாயின்) கண்ணில் பார்வையற்ற இடம் என்ற குறையே கிடையாது. அதன் நரம்புகள் விழித்திரைக்குப் பின்னாலேயே போய்விடுகின்றன. நாமோ, விவரம் புரியாமல் விழிப்பவரைத்தான் சோத்தோங் என்கிறோம்!