கன்றின் இலையைப் பாருங்கள்

பெங்களூரு ஜே.பி. நகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "30-க்கு 40 மனை. வீட்டுக்குப் பின்னால், துணி துவைத்த தண்ணீர் போகிற இடத்தில் ஏலக்கி வாழை வைத்தோம். அடியில் ஐந்தாறு கன்று வந்துவிட்டது. எதை விடுவது? வெட்டிப் போட்டாலும் மறுநாளே எழுந்துவிடுகிறதே, ஏன்?" கூடவே ஒரு காணொளியும் அனுப்பியிருக்கிறார். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கிப் புதைத்தால் சில நாளில் செடி வருமாம்.

காணொளியை முதலில் தள்ளிவிடுவோம். நாம் சாப்பிடும் பழத்தில் முளைக்கிற விதை கிடையாது. நடுவே தெரிகிற கறுப்புப் புள்ளிகள் வளராமல் நின்றுபோன சூல்கள். பழத் துண்டு மண்ணுக்குள் அழுகும், அவ்வளவுதான். வீட்டில் வாழையைப் பெருக்கக் கன்றுதான் வழி.

வெட்டிய கன்று ஏன் எழுகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு கன்றைக் கணுக்கால் உயரத்தில் கத்தியால் சீவுங்கள். வெட்டுமுகத்தில் இலைமட்டைகள் வளையம் வளையமாகத் தெரியும். துணியில் பட்டால் போகாத கறை நீர் கசியும். நட்டநடுவில் சுருண்ட குருத்து. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வெளி வளையங்கள் வெட்டிய மட்டத்திலேயே நிற்க, நடுக்குருத்து மட்டும் மேலே துருத்திக்கொண்டிருக்கும். புதிதாக எதுவும் துளிர்க்கவில்லை. வெளி மட்டைகள் வளர்ந்து முடிந்தவை; உள்ளே இருப்பவை இன்னும் அடியிலிருந்து நீண்டுகொண்டிருப்பவை. வாழையின் வளர்முனை மண்ணுக்குள், கிழங்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. பூவெடுக்கும் பருவம் வரும்வரை அது மேலே வருவதில்லை. ஆகவே கழுத்தை வெட்டுவது இலையை வெட்டுவதுதான். கன்று வேண்டாமென்றால் மண் மட்டத்தில் வெட்டி, நடுவில் சிறு கடப்பாரையையோ பழைய கத்தியையோ இறக்கி, கிழங்கின் வெள்ளைச் சதை வரும்வரை குடைந்தெடுக்க வேண்டும். தோட்டக்காரர்கள் வெட்டிய குருத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவார்கள். நாலைந்து கன்றுக்கு அது தேவையே இல்லை, குடைந்தால் போதும்.

எதை விடுவது என்பதற்கு விடை இலையில் இருக்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு கன்றுகளைப் பாருங்கள். ஒன்றின் இலை ஒடுங்கி, ஈட்டி முனையாக நிற்கும், அடி பருத்திருக்கும். இன்னொன்று இளசிலேயே அகன்ற இலை விரித்து, பெரிய வாழையின் சாயலில் அழகாக இருக்கும், அடி மெலிந்திருக்கும். பார்க்கிறவர் கை அழகானதற்குத்தான் போகும். அதை வளர விடாதீர்கள். கூட்டுக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இலைதான் வாழையின் அடுப்பு. ஈட்டிக் கன்று அம்மாவின் சமையலில் சாப்பிடும் பிள்ளை. கிழங்கு வழியாகச் சோறு வந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சொந்த அடுப்பு அவசரமில்லை, கிடைத்ததையெல்லாம் அடியில் சேர்த்துவைக்கிறது. அகல இலை விரித்த நீர்க்கன்றுக்குத் தாயோடு ஒட்டு பலமில்லை. பந்தியில் இடம் கிடைக்காமல் சின்ன வயதிலேயே தனிக்குடித்தனம் போய், தானே அடுப்பு மூட்டி, அன்றன்று பொங்கி அன்றன்று தின்கிறது. பானையில் மிச்சம் விழுவதில்லை. அதில் வருகிற தாரும் சிறுத்தே இருக்கும்.

இந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவர் பங்கை ஒருவர் குறைக்கிறார்கள். தாய் பூவெடுக்கும்வரை மாதம் ஒருமுறை எல்லாக் கன்றையும் குடைந்தெடுங்கள். பூ வெளியே வந்ததும் ஒரே ஒரு ஈட்டிக் கன்றை விடுங்கள். ஒரு தூருக்கு ஒன்று போதும். இரண்டு விட்டால் இரண்டு தார் கிடைக்கும் என்ற கணக்கு சின்ன மனையில் பலிக்காது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பப்புவா நியூ கினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயங்கள் இருக்கின்றன. அன்றிலிருந்து கன்றைப் பெயர்த்து நட்டே மனிதன் வாழையைப் பரப்பினான். கன்றோடு நோயும் பயணித்தது. மைசூருக்குப் பக்கத்தில், புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளெ வாழை, பனாமா வாடல் என்ற பூஞ்சை நோயால் தோட்டம் தோட்டமாக அழிந்து அரிதாகிப்போனது. அந்தப் பூஞ்சை கிழங்கிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் வரும். அதனால், வாடிய தூர் இருக்கும் தோட்டத்திலிருந்து ஒருவர் அன்பாகக் கன்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். திசு வளர்ப்பு நாற்று சுத்தமானதுதான், ஆனால் "நோயே வராது" என்று விற்பதை நம்ப வேண்டாம். மண்ணில் பூஞ்சை இருந்தால் அதையும் பிடிக்கும்.

பெங்களூருக்கென்று ஒரு சங்கதி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. இரவு வெப்பம் 16 டிகிரியை ஒட்டி இறங்கும் டிசம்பர், ஜனவரியில் புது இலை வருவது வெகுவாக மந்தமாகும். உரம் போதவில்லை என்று பதறி அள்ளிப் போட வேண்டாம். வெயில் ஏறினால் தானே வேகம் பிடிக்கும்.

தார் வெட்டிய கையோடு தாயை அடியோடு சாய்ப்பதுதான் பலரும் செய்வது. இரண்டடி உயரத்துக்கு விட்டு மேலே மட்டும் வெட்டுங்கள். அந்தக் கட்டையில் இருக்கும் நீரும் சத்தும் ஒரு மாதத்துக்கு மேல் கிழங்கு வழியாகக் கன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். கட்டை வதங்கித் தொய்ந்தபின் எடுத்து, துண்டு போட்டு, அதே தூரில் மூடாக்காகப் போடலாம்.