புல்லரிக்காத பிள்ளை கல்நெஞ்சா?

அழகிய குரலில் கிராஅத் கேட்டால் "மேலெல்லாம் புல்லரிச்சிட்டு" என்கிறோம். குளிர்நீரில் குளித்தாலும், இருட்டில் திடுக்கிட்டாலும் அதே புல்லரிப்புத்தான். குளிருக்கும் குரலுக்கும் தோல் ஏன் ஒரே பதிலைச் சொல்கிறது?

ஒவ்வொரு மயிர்க்காலோடும் மிகச் சிறிய தசையொன்று ஒட்டியிருக்கிறது. அது சுருங்க மயிர் நிமிர்கிறது, தோல் புள்ளி புள்ளியாக மேடாகிறது. கையை மடக்குவது போல இத்தசையை நினைத்தபடி இயக்க நம்மில் அநேகருக்கு முடியாது. அதனை இயக்குவது பரிவு நரம்புத் தொகுதி. பயத்தில் நெஞ்சு படபடப்பதும் கண்மணி விரிவதும் அதன் வேலைதான். நாயைக் கண்ட பூனை உரோமம் சிலிர்த்துப் பெரிதாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் அதே சிலிர்ப்பு உரோமங்களுக்கிடையே சூடான வளியைப் பிடித்து வைக்கிறது. நமக்கு அவ்வளவு உரோமம் இல்லாததால் இந்தப் பயன்கள் குறைவு. (2020இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளில் இதே நரம்பும் தசையும் புதிய மயிர் வளரவும் உதவுவது தெரியவந்தது.)

சரி, பயமோ குளிரோ இல்லாதபோது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2001இல் இதை ஆராய்ந்தார்கள். தமக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைப் பங்குபற்றியோரே தெரிவு செய்தார்கள். சிலிர்ப்புக் கூடக் கூட, பசித்தவனுக்கு உணவு கிடைக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் இரத்த ஓட்டம் கூடியது. பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலாவில் குறைந்தது. அதாவது, தோல் பயந்தது போல நடந்துகொள்கிறது, மூளையோ மகிழ்கிறது. 2011இல் அங்கிருந்தே இன்னொரு முடிவு வந்தது. டோபமைன் சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அதற்குச் சற்று முன்னரே, "இதோ வரப்போகிறது" என்ற எதிர்பார்ப்பிலும் சுரக்கிறது. பல தடவை கேட்டதே மீண்டும் சிலிர்க்க வைப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எல்லோருக்கும் இது வருவதில்லை. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 20 பேரை ஒப்பிட்டனர். இசையில் சிலிர்ப்பு வருபவர்களின் மூளையில், ஒலியை உணரும் பகுதிக்கும் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகளுக்கும் இடையே நரம்பிழைத் தொடர்பு அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும். உருக்கமான கதையில் முகம் மாறாத பிள்ளைக்கு நாம் எவ்வளவு இலேசாக "கல்நெஞ்சு" என்று பெயர் வைத்துவிடுகிறோம்!

பெரியவர்களிலும் சிலர், "பக்கத்தில் இருப்பவர் அழுகிறார், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஈமான் குறைவோ" என்று உள்ளுக்குள் வருந்துவதுண்டு. அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் தோல் சிலிர்ப்பதைச் சொல்வதோடு நிற்காமல், பின்னர் தோலும் உள்ளமும் இளகுவதையும் சொல்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளோ இசையை வைத்துச் செய்தவை. அவற்றைக் கிராஅத்துக்குப் பொருத்தி, "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று வட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரம். அவற்றை வைத்து ஒருவரின் ஈமானை அளப்பது அதைவிட அவசரம்.

வகுப்பில், "மகன், ஒங்களுக்கு அழுகை வரல்லியா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். "அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும்.