பூமி அமைதியான நாட்கள்

நாம் நிற்கும் பூமி அசைகிறதா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அது எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. லாரி ஓடினால் நடுங்கும். ரயில் போனால் நடுங்கும். தொழிற்சாலை இயந்திரமும், கடைத்தெருவில் நடக்கும் கூட்டமும்கூட மண்ணை ஆட்டும். நமக்கு இது தெரியாது. நில அதிர்வுக் கருவிக்குத் தெரியும்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரம் உருளும். உள்ளே இறங்கியவர் திரும்பி வருவாரா என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்களாம். பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் உலகம் முழுவதும் பரவியது. பல லட்சம் உயிர்களைக் கொண்டு போனது. நம் நாட்டில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. மற்ற நாடுகளிலும் வண்டிகள் நின்றன, ஆலைகள் மூடின. அப்போது நில அதிர்வுக் கருவிகள் ஒரு புதுமையைக் காட்டின. மனிதர்களால் உண்டாகும் நடுக்கம் சில இடங்களில் பாதியாகக் குறைந்திருந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இதைக் கணக்கிட்டார்கள். மற்ற நேரத்தில் நம் சத்தத்தில் மறைந்துபோகும் சின்னச் சின்ன நில அதிர்வுகளையும் இப்போது பிரித்து அறிய முடிந்தது.

பறவைகளுக்கும் இந்த அமைதி தெரிந்தது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஒரு வகைச் சிட்டு, வண்டிச் சத்தத்தை மீறுவதற்காக உரக்கப் பாடி வந்தது. ஊரடங்கில் அது மெல்லப் பாடியது. ஆனாலும் அதன் பாட்டு முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் கேட்டது! கத்த வேண்டிய தேவை போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு அமைதி என்றால் பயம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கச் சங்கு நின்றது. வேலையும் நின்றது. அன்றிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாரிக்குப்பம் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் தம்பி அவரை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை.

ரயில் நின்றதும் அப்பா வீட்டில் இருந்தார். சம்பளம் இல்லை. ரேஷன் அரிசியிலும் கடனிலும் நாட்கள் ஓடின. அதை நான் மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் அவர் புடலைப் பந்தல் போட்டார். தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். பகலில் தெருவில் குருவிச் சத்தம் கேட்டது. முன்பும் குருவிகள் இருந்திருக்கும். எங்கள் காதில்தான் விழவில்லை.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பஞ்சாபில் ஜலந்தர் நகரத்திலிருந்து தூரத்து இமயமலைத் தொடர் கண்ணுக்குத் தெரிந்தது என்று செய்தி வந்தது. காற்றில் புகை குறைந்ததுதான் காரணம். எங்கள் சயனைடு மேடுகளுக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. காற்று அடித்தால் தூசி கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும்.

பல மாதம் கழித்து ரயில் மறுபடி ஓடியது. விடியும் முன்பே அப்பா சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினார். முதல் வாரம் தம்பியும் எழுந்து ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தான்.